ஊமைக்காயம்

2019 ஆகஸ்ட் முதல் வாரம். தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மேலூரிலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப்போட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவில் இருப்பது, சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஈரக் கைக்குட்டையைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே சுமார் பத்து நிமிடம் இருந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன் என்கிறான் தம்பி. "வண்டிக்கு என்ன ஆச்சு, வண்டிக்கு என்ன ஆச்சு" என்று ஒரே கேள்வியை ஏழெட்டு முறை கேட்டேனாம். அது இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பின்சீட்டில் இருந்த நான் ஹெல்மெட் போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா, கன்கஷன்தான், ரெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தமே வரலையேடி, மீனாட்சி காப்பாத்திட்டா" என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தமும் இல்லை. நான்காம் நாள் வேலைக்குப் போனேன்.

என் வேலை புரூஃப் பார்ப்பது. ஓர் அச்சகத்தில் பள்ளிக்கூட கைடுகளைத் திருத்துவேன். ண-வுக்குப் பதில் ன விழுந்திருந்தால் பக்கத்தைத் திருப்பும்போதே கண்ணில் உறுத்தும். பதினோரு வருடப் பழக்கம் அது. அன்று காகிதத்தை எடுத்தால் வரிகள் நீந்தின. ட்யூப்லைட் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. ஒரு பாராவை மூன்று முறை படித்தும் அது எதைப் பற்றியது என்று தெரியவில்லை. அந்த வாரம் நான் பார்த்து அனுப்பிய பக்கங்களில் 'பள்ளி' எல்லாம் 'பல்லி'யாகவே அச்சுக்குப் போயின. "அடி பட்டுச்சுன்னு சொல்ற, பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்றார் முதலாளி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே எதுவும் தெரியவில்லை.

அப்புறம் பத்து நாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டில் படுத்துக்கிடந்தேன். அப்போதுதான் பக்கத்து அறையில் தம்பி பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனையில் அந்தச் சொல் மறுபடியும் காதில் விழுந்தது. கன்கஷன், கன்கஷன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட். ஆகஸ்ட் 17 அன்று இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தோரம் தாக்கியது. ஸ்மித் விழுந்தார். எழுந்து வெளியே போனார். அங்கே அவருக்குச் செய்த பரிசோதனைகளில் எல்லாம் தேறினார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ஆடி 92 ரன்னில் அவுட் ஆனார். ஆனால் மறுநாள் காலையில்தான் அவருக்குத் தலை வேறு மாதிரி இருந்திருக்கிறது. ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டு மார்னஸ் லபுஷேனை இறக்கினார்கள். டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். கன்கஷன் ஆனவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கி ஆடலாம் என்ற அந்த விதியை ஐ.சி.சி. கொண்டுவந்தே மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 1-லிருந்துதான் அது நடைமுறை. இறங்கிய லபுஷேனையும் ஆர்ச்சரின் இரண்டாவது பந்தே ஹெல்மெட் கம்பியில் அடித்தது. அவர் எழுந்து 59 ரன் எடுத்தார். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை.

இருட்டில் படுத்தபடி இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ரத்தம் வராத ஒரு அடிக்காக, பரிசோதனையில் தேறிய ஓர் ஆளுக்காக, உலகம் ஒரு விதியையே எழுதி வைத்திருக்கிறது. அதே சொல் என் தலையணைக்கடியில் ஒரு காகிதத்திலும் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று அன்றுதான் முடிவெடுத்தேன். கண் சரியானதும் முதலில் எடுத்தது அகராதியைத்தான்.

லத்தீனில் குவாத்தெரே என்றொரு வினைச்சொல். உலுக்குவது, குலுக்குவது என்று பொருள். தமிழில் நாம் மரத்தை உலுக்குவோம், மருந்து பாட்டிலைக் குலுக்குவோம். லத்தீன்காரர்களுக்கு இந்த முரட்டு உலுக்கலுக்கெல்லாம் குவாத்தெரேதான். அதன் முன்னால் 'எல்லாம் சேர்ந்து, ஒருசேர' என்று பொருள்தரும் ஒட்டைச் சேர்த்தால் கொன்குத்தெரே. ஒரு பொருளை அடியோடு, முழுசாகப் பிடித்து உலுக்குதல். அதன் பெயர்ச்சொல் கொன்குஸ்ஸியோ, அதிலிருந்துதான் கன்கஷன். அந்தச் சொல்லில் காயம் என்ற பொருளே கிடையாது. உடைவதும் கிழிவதும் ரத்தமும் அதில் இல்லை, உலுக்கல் மட்டும்தான் இருக்கிறது. இது எனக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தது. 'ஒன்றும் உடையவில்லை' என்பது நோய் இல்லை என்பதற்கான சான்று ஆகாது. அந்த நோயின் இலக்கணமே அதுதான்.

குவாத்தெரேயின் பிள்ளைகள் நிறைய. பெர்கஷன் என்று தாள வாத்தியங்களைச் சொல்கிறோமே, அது ஒன்று. நெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்கும் அதே பெயர்தான். 1761-ல் ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர் அந்த முறையை எழுதி வைத்தார். டிஸ்கஷன் இன்னொன்று, அது 'உதறிப் பிரித்தல்'. ஒரு விஷயத்தை உதறி உதறிப் பார்ப்பதுதான் விவாதம். நம் ஊரில் அதையே தண்ணீரில் செய்கிறோம், விஷயத்தை அலசுகிறோம். இரண்டு மொழிக்காரர்களும் பேச்சைத் துணியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வாத்தியத்தில் இருக்கிற கன்கஷன். 1914-ல் ஹோர்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இருவர் உலகத்து இசைக்கருவிகளையெல்லாம் வகைபிரித்தார்கள். ஒத்த இரண்டு பாகங்களை ஒன்றோடொன்று மோதி ஒலியெழுப்புபவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் கன்கஷன் கருவிகள். பஜனையில் தட்டுகிற சிப்ளாக்கட்டை, நட்டுவனார் கையில் இருக்கிற தாளம் எல்லாம் அந்த வகையில்தான் வரும். நம் பழைய பிரிவில் தாளம் கஞ்சக்கருவி, அதாவது வெண்கலக் கருவி. நாம் அது எந்த உலோகம் என்று பார்த்தோம், அவர்கள் அது எப்படி மோதுகிறது என்று பார்த்தார்கள்.

சரி, மூளைக்கு வருவோம். இங்கேதான் ஒரு வேடிக்கையான இடமாற்றம் நடந்திருக்கிறது.

தலையில் அடிபட்டு, எலும்பு உடையாமலே நினைவு தடுமாறுகிறவர்களைப் பழங்கால மருத்துவர்களும் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் அர்-ராஸி, இது மூளை கிழிவது போன்றதல்ல, மூளையின் இயக்கம் கெடுகிற ஒரு நிலை என்று பிரித்துச் சொன்னார். மிலானிலிருந்து பாரிஸுக்குப் போன லான்ஃபிராங்க் என்ற அறுவை மருத்துவர் 1296-ல் முடித்த தன் பெரிய நூலில், மூளை குலுங்குவதால் அதன் வேலைகள் சிறிது நேரம் முடங்குகின்றன என்று எழுதினார். அவர் அதைக் கொம்மோஷியோ என்றார். அதுவும் அசைவுதான், கலக்கம்தான். பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் மூன்றும் அந்தச் சொல்லையே மூளைக்கு வைத்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரர் இன்றும் தலையில் அடிபட்டால் கொமோஸியோன் என்பார். ஆங்கிலத்தில் அதே கமோஷன் தெருக்கூச்சல் ஆகிவிட்டது, மூளைக்கு கன்கஷன் போய்ச் சேர்ந்தது. இரண்டு சொற்கள் வீடு மாறிக்கொண்டன.

அப்படியானால் அந்த மொழிகளில் கன்கஷன் என்ன செய்கிறது? அது லஞ்சக் கணக்கில் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவன் மிரட்டிப் பிடுங்குவதற்கு ரோமானியச் சட்டத்தில் பெயரே கொன்குஸ்ஸியோதான். புளியமரத்தை உலுக்கினால் புளி விழும், குடிமக்களை உலுக்கினால் காசு விழும். பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 432-10-ஆம் பிரிவில் கொன்குஸியோன் இன்றும் இருக்கிறது. கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தும் வரியோ கட்டணமோ வசூலிக்கிற அரசு ஊழியருக்கு ஐந்து வருடம்வரை சிறை. இத்தாலியில் அது 317-ஆம் பிரிவு. 2013 ஜூனில் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனிக்கு மிலான் நீதிமன்றம் 7 வருடத் தண்டனை விதித்தபோது குற்றச்சாட்டுகளில் ஒன்று கொன்குஸியோனே. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார்.

இந்த உலுக்கல் பைபிளிலும் இருக்கிறது. லூக்கா 3:14-ல் போர்ச்சேவகர்கள் யோவானிடம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதிலில் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினை 'உலுக்குதல்'. யாரையும் உலுக்கிப் பிடுங்காதீர்கள். லத்தீன் மொழிபெயர்ப்பிலும் கொன்குத்தெரேயைத்தான் போட்டார்கள். நம் தமிழ் பைபிளில் அது 'இடுக்கண் செய்யாமலும்' என்று இருக்கிறது. பொருள் சரிதான், ஆனால் மரம் மறைந்துவிட்டது.

இதை எல்லாம் அலசிவிட்டு வந்தால் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறேன். மூளையைக் குலுக்கினாலும் மனிதனை மிரட்டினாலும் பாதிக்கப்பட்டவன் மேல் தடயம் இருக்காது. நிரூபி என்றுதான் எல்லாரும் அவனைக் கேட்பார்கள்.

நூற்றைம்பது வருடமாக நீதிமன்றங்களில் அதுதான் நடந்திருக்கிறது. 1866-ல் லண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன், ரயில் விபத்தில் எலும்பு முறியாமல் தப்பித்தவர்கள் வாரக்கணக்கில் தூக்கமின்றி, மறதியோடு அவதிப்படுவதைப் பற்றி எழுதினார். தண்டுவடக் குலுக்கம் என்றார். ரயில்வே கம்பெனிகளின் பக்கத்தில் நின்றவர்கள், இவர்கள் நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்று வாதாடினார்கள். முதல் உலகப்போரில் இன்னும் கொடுமை. குண்டு பக்கத்தில் வெடித்து உடம்பில் கீறல்கூட இல்லாமல் நிலைகுலைந்து வந்த சிப்பாய்களைப் பற்றி 1915-ல் மருத்துவர் சார்ல்ஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் அதை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டு வெடித்ததால் வந்தது என்றால் டபிள்யூ என்று ஓர் எழுத்து, அவன் காயம்பட்டவன், சட்டையில் காயப்பட்டை குத்திக்கொள்ளலாம், ஓய்வூதியமும் உண்டு. எஸ் என்று எழுதினால் அவன் வெறும் நோயாளி, இரண்டும் கிடையாது. ஒரே எழுத்துதான் வித்தியாசம். எழுத்துப் பிழை திருத்தி வயிறு வளர்க்கிற எனக்கு அந்த ஓரெழுத்தைத் தாண்டிப் போக ரொம்ப நேரம் ஆயிற்று.

உள்ளே என்னதான் நடக்கிறது? மூளை ஏறக்குறைய 1.3, 1.4 கிலோ இருக்கும். கெட்டியாக உறைந்த தயிர் மாதிரி மென்மையானது. அதைச் சுற்றி மண்டையோட்டுக்குள் திரவம் இருக்கிறது. தயிர்ச்சட்டியைச் சட்டென்று திருகித் திருப்பினால் சட்டி நின்ற பிறகும் தயிர் கொஞ்சம் சுழலும். அந்தச் சுழற்சியில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அந்தச் செல்களுக்கு நிறைய சக்தி தேவை. ஆனால் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். ரேஷன் குறைந்த நாளில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த கதை. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இந்தப் பற்றாக்குறையை அதனால் படம் பிடிக்க முடியாது. என் டாக்டர் 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல' என்று சொன்னது முழு உண்மை. அதை 'உனக்கு ஒண்ணும் இல்ல' என்று கேட்டுக்கொண்டது நாங்கள்.

மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் தவறு. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. பெரியவர்கள் பலருக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், பிள்ளைகளுக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். நான் செய்த மாதிரி பத்து நாள் இருட்டில் கிடக்கவும் தேவையில்லையாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடமாட்டம் என்பதுதான் இப்போதைய வழிமுறை. முக்கியமானது, ஆறுவதற்குள் இரண்டாவது அடி படக்கூடாது. திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்கினால் மூளை எப்படிக் கெட்டுப்போகும் என்பதைக் குத்துச்சண்டைக்காரர்களை வைத்து 1928-லேயே அமெரிக்காவில் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் எழுதிவிட்டார். 2002-ல் 50 வயதில் இறந்துபோன அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு சோதித்த பிறகுதான் அந்த விளையாட்டு உலகம் அதைக் காதில் வாங்கியது.

இந்தச் சந்தேகப் பார்வை நம் ஊரிலும் உண்டு. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அது முதல் டி20 சர்வதேச ஆட்டம், அதனால் தமிழ்நாட்டில் நிறைய பேருக்கு நினைவிருக்கும். கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி 44 ரன்னோடு நின்றார். இடைவேளைக்குப் பிறகு அவருக்குப் பதிலாகக் கன்கஷன் மாற்று வீரராகச் சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். நடராஜனுக்கும் மூன்று விக்கெட். எங்கள் தெருவிலேயே பசங்கள் "செம ஐடியாடா, ஜட்டு நல்லா நடிச்சிருக்கான்" என்று சிரித்தார்கள். ஜடேஜாவின் தலைக்குள் அன்று என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. ஆனால் 'அப்புறமும் ஆடினானே' என்பது ஒரு வாதமே இல்லை. ஸ்மித்தும் ஆடினார். நானும்தான் வேலைக்குப் போனேன்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் என்னை அரிக்கும் கேள்வி. பத்திரிகைகளில் 'மூளை அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். அதிர் என்ற வேர் நல்ல வேர்தான், பறை அதிரும், தரை அதிரும். ஆனால் 'அதிர்ச்சித் தகவல்' படித்துப் படித்து அந்தச் சொல் மனசுக்குப் போய்விட்டது. மூளை அதிர்ச்சி என்றால் ஏதோ பயந்துபோயிருக்கிறாள், தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும் என்று படுகிறது. மாரடைப்பு என்று சொன்னால் படிக்காத பாட்டியும் ஆட்டோ பிடிக்கிறாள். அப்படி ஒரு சொல் இதற்கு வேண்டும்.

அது நம்மிடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். "பொறி கலங்கிடுச்சு" என்கிறோமே. பொறி என்றால் புலனுறுப்பு, ஐம்பொறி. கலங்குவது குளத்துத் தண்ணீர் கலங்குவது. தண்ணீர் எங்கும் போகவில்லை, குளமும் உடையவில்லை, ஆனால் அடியில் கிடந்த சேறு மேலே வந்துவிட்டது, தெளிய நேரம் எடுக்கும், அதற்குள் மறுபடி இறங்கிக் கலக்கக்கூடாது. ஒரு மருத்துவப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இன்னொரு சொல் ஊமைக்காயம். வெளியே தெரியாமல் உள்ளே பட்ட அடி. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டஸின் பெயரால் வழங்கும் மணிமொழிகளில் ஒன்று, மூளை குலுக்கப்பட்டவர்கள் உடனே பேச்சிழந்துபோவார்கள் என்கிறது. அங்கே ஊமையாவது ஆள், இங்கே ஊமையாக இருப்பது காயம். காயத்துக்கு வாயில்லை, அதனால் பட்டவர் சொல்வதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் உடம்பின் உயிர்நிலைகளை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று கணக்கு வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரித் தோலில் தடயம் விடாத அடிகளைப் பற்றித்தான். கண்ணுக்குத் தெரியாத அடியை நம்புகிற மரபு நம்மிடம் இருந்திருக்கிறது.

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்குப் பெற்றோருக்கான துண்டுப்பிரசுரம் ஒன்று எங்கள் அச்சகத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதித்தரச் சொன்னார்கள். நான் எழுதியது இது: "கபடியிலோ கிரிக்கெட்டிலோ தலையில் அடிபட்டுப் பொறி கலங்கினால் அது மூளைக்கு ஏற்பட்ட ஊமைக்காயம். ரத்தம் வராவிட்டாலும், மயக்கம் வராவிட்டாலும் அன்று மறுபடி விளையாட விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்." பி.டி. மாஸ்டர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அந்தப் புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். ஊமைக்காயம் வந்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாங்கிளாஸ் படிக்கையில புளியமரத்துல ஏறி உலுக்கப் போய் விழுந்தேன். ரத்தம் ஒண்ணும் வரல. அடுத்த நாளே பள்ளிக்கூடம் அனுப்பிட்டாங்க. ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாத் தெரியும். அன்னைக்கு வரவே இல்ல. ஒரு மாசம் வரல. டீச்சர் தினம் அடிப்பாங்க."

அதுவரை யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.